இரவல் இருக்கையின் இலக்கணம்

திருவிழாக் காலத்தில் புங்குடுதீவுக்குப் போனால் ஊரைப் பார்ப்பதோடு உலகத்தையும் பார்த்துவிட்டு வரலாம். ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், லண்டன் என்று திசைக்கொன்றாய்ச் சிதறிய உறவுகள் ஒரே விறாந்தையில் வந்து அமர்ந்திருக்கும். அப்படியொரு விறாந்தையில், உறவுமுறையில் எனக்கு மருமகனாகும் இளைஞர் ஒருவரை அண்மையில் சந்தித்தேன். வெளிநாடொன்றில் விமானியாகப் பணியாற்றுகிறார். வள்ளத்திலும் வத்தையிலும் கடல் கடந்த குடும்பத்தில் ஒரு பிள்ளை ஆகாயத்தில் ஓட்டுகிறான் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இராது?

ஆனால் அன்று அவர் சொன்ன கதை பெருமைப்படத்தக்கதன்று. வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், ஊழியர்களுக்குரிய சலுகைப் பயணச்சீட்டில் அவர் வந்திருக்கிறார்.

"நானும் விமானி எண்டு சொல்லியும் கடைசி வரிசையிலை கொண்டுபோய் இருத்திப்போட்டாங்கள் மாமா. சும்மா விடுவனோ? அவையின்ரை கப்டனைக் கூப்பிட்டு அந்த இடத்திலையே கேட்டன்" என்றார்.

விறாந்தை முழுவதும் ஆமோதித்தது. "அப்பிடித்தான் கேக்கவேணும் தம்பி" என்று முதியவர் ஒருவர் முதுகில் தட்டினார். எனக்கோ அந்தத் தட்டல்தான் உறுத்தியது. இக்கட்டுரை அந்த இளைஞருக்கு எதிரானதன்று. அவர் முதுகில் தட்டிய நம் எல்லோருக்கும் எதிரானது.

விமானத் தொழிலில் ஓர் அரிய வழக்கம் இருக்கிறது. விமானி அறையில், ஓட்டுகிற இருவருக்கும் பின்னால் மடக்கக்கூடிய இருக்கை ஒன்று இருக்கும். அதற்கு ஜம்ப் சீற் என்று பெயர். பரிசோதகர்களுக்கும் பயிற்சி பெறுவோருக்குமாக அமைந்த அந்த இருக்கையை, இடம் இருந்தால் பிற நிறுவனங்களின் விமானிகளுக்கும் கொடுப்பது அமெரிக்காவில் நெடுங்காலமாக நிலவும் நடைமுறை. ஒரு நகரத்தில் குடியிருந்து இன்னொரு நகரத்தில் பணி தொடங்குகிற ஆயிரக்கணக்கான விமானிகள் இதை நம்பியே வேலைக்குப் போய் வருகிறார்கள். 2001 செப்டெம்பர் 11இற்குப் பின்னர் இச்சலுகை நின்றுபோயிற்று. வந்திருப்பவர் உண்மையிலேயே விமானிதானா, இன்றும் பணியில் இருப்பவர்தானா என்பதைக் கணினி வழியாகச் சரிபார்க்கும் ஏற்பாடு வந்த பிறகே பிற நிறுவனத்தாருக்கு அக்கதவு மீண்டும் திறந்தது. ஏனைய நாடுகள் பலவற்றில் கட்டுப்பாடு இதைவிடக் கடுமை. அங்கெல்லாம் விமானியும் சலுகைச் சீட்டோடு, காசு கொடுத்தவர் எல்லோரும் ஏறிய பிறகு மிஞ்சுகிற இடத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த இரவல் இருக்கைக்கு எழுதியும் எழுதாமலும் ஓர் இலக்கணம் உண்டு. ஏறியவுடன் தலைமை விமானியிடம் தன்னை அறிமுகம் செய்து அனுமதி கேட்கவேண்டும். அனுமதிப்பதும் மறுப்பதும் அவருடைய அதிகாரம். காரணம் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை. ஒழுங்காக உடுத்தியிருக்கவேண்டும். மது அருந்தியிருக்கக் கூடாது. பயணிகள் இருக்கையில் இடம் கிடைத்தால் கொடுத்ததில் அமரவேண்டும். உணவைப் பற்றியோ வரிசையைப் பற்றியோ வாய் திறக்கக் கூடாது. விமானம் 10,000 அடிக்குக் கீழே இருக்கும் வேளைகளில், அதாவது ஏறும்போதும் இறங்கும்போதும், விமானி அறையில் பணிக்குத் தேவையற்ற ஒரு சொல்லும் பேசக் கூடாது. இறங்கும்போது நன்றி சொல்லாமல் போகக் கூடாது.

இந்த மௌன விதியை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 1974ஆம் ஆண்டை நினைவில் கொள்ளட்டும். அவ்வாண்டு செப்டெம்பர் 11ஆம் நாள், அமெரிக்காவின் சார்லட் நகர விமான நிலையத்தை மூடுபனியில் நெருங்கிக்கொண்டிருந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானம் ஓடுபாதைக்கு முன்னரே தரையில் மோதியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறங்கும் வேளையில் விமானிகள் இருவரும் அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் தெரிந்தது. அங்கே மூன்றாமவர் எவரும் இல்லை. ஓட்டுபவர்கள் தமக்குள் பேசினாலே இந்த விலை என்றால், பின்னால் ஒரு விருந்தாளி அமர்ந்து ஊர்க்கதை அளந்தால் என்ன ஆகும்? 1981இல் அமெரிக்க அரசு அந்த விதியைச் சட்டமாக்கியது இத்தகைய சாவுகளை எண்ணித்தான்.

இது ஏதோ அமெரிக்கச் சங்கதி, புங்குடுதீவானுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. அலையன்ஸ் எயாரும், 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து அங்கே வந்து இறங்கத் தொடங்கின. ஆகாயம் நமக்கும் அண்டை வீடாகிவிட்டது. அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். இந்த இலக்கணம் நம் கடலில் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் என் கட்சி.

குறிகட்டுவான் துறையில் நின்று பாருங்கள். நயினாதீவுக்குப் போகும் படகில் இன்னொரு படகின் ஓட்டி விருந்தாளியாக ஏறுவார். அவரிடம் யாரும் காசு வாங்குவதில்லை. அவரோ அணியத்துப் பக்கம் ஓர் ஓரமாகக் குந்திக்கொள்வார். சுக்கானுக்குக் கிட்டப் போகமாட்டார். "இப்படித் திருப்பு, அப்படி விடு" என்று ஒரு சொல் சொல்லமாட்டார். கரை வந்ததும் கேட்காமலே எழுந்து கயிற்றைப் பிடித்துக் கட்டிக் கொடுப்பார். ஆனால் நீருக்கடியில் பார் தெரிந்தாலோ, எதிரே ஒரு படகு குறுக்கிட்டாலோ, முதலில் குரல் கொடுப்பவரும் அவராகத்தான் இருப்பார். சுக்கான் பிடித்தவர் அதற்காகக் கோபித்ததை நான் கண்டதில்லை.

இரவல் இருக்கையின் இலக்கணம் முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. தன் வசதிக்காக வாய் திறக்காதே. பிறர் உயிருக்காக வாய் மூடாதே. படித்து முன்னேறிய நாம் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். கடைசி வரிசை கிடைத்தால் கத்துகிறோம். கண்ணெதிரே ஆபத்து வந்தால், "பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கேன்" என்று பேசாமல் இருக்கிறோம். முன்னதற்கு ரோசம் என்றும் பின்னதற்கு மரியாதை என்றும் பெயர் வேறு சூட்டியிருக்கிறோம்.

சரியாக நடந்துகொண்டவர்களுக்கும் சான்று உண்டு. 1989 ஜூலை 19ஆம் நாள், யுனைற்றட் நிறுவனத்தின் டி.சி.10 விமானமொன்றில் வால்புற இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் கட்டுப்பாடுகள் யாவும் செயலிழந்தன. அதே நிறுவனத்தின் பயிற்சி விமானியான டெனிஸ் பிட்ச் பயணியாக உள்ளே அமர்ந்திருந்தார். அவர் எழுந்து கதவை இடித்துக்கொண்டு போகவில்லை. உதவி வேண்டுமா என்று பணிப்பெண் மூலம் கேட்டனுப்பினார். தலைமை விமானி அல் ஹெயின்ஸ் அழைத்தார். பிட்ச் எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசைப் பிடிகளைக் கையில் எடுத்துக்கொண்டார். சூ நகர ஓடுபாதையில் மோதி உடைந்த அந்த விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். கேட்டுவிட்டுப் போனதால் பிட்சின் தகுதி குறைந்துவிட்டதா?

இன்னொரு சான்று இதைவிடக் கசப்பானது. 2018 ஒக்டோபர் 28ஆம் நாள், பாலித் தீவிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் எயார் விமானத்தின் மூக்குத் தானாகவே கீழ்நோக்கித் தாழ்ந்தது. ஓட்டியவர்கள் இருவரும் போராடிக்கொண்டிருந்தபோது, ஜம்ப் சீற்றில் இருந்த மூன்றாவது விமானியும் நிலைமையைக் கவனித்துக் குரல் கொடுத்தார். வால் சிறகை இயக்கும் மின்விசையைத் துண்டித்தார்கள். விமானம் ஜகார்த்தா போய்ச் சேர்ந்தது. ஆனால் இறங்கிய பின் பராமரிப்புக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது அரைகுறை. விசையைத் துண்டித்துத்தான் தப்பினோம் என்ற செய்தி அதில் இல்லை. மறுநாட் காலை அதே விமானம் வேறு விமானிகளோடு புறப்பட்டுக் கடலில் வீழ்ந்தது. 189 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. பறக்கும்போது பேசிய வாய் தரையிலும் பேசியிருக்க வேண்டும். இது விருந்தாளியின் குறை என்று நான் சொல்லவில்லை. குறிப்பேடு தலைமை விமானியின் பொறுப்பு. ஆனால் அரைகுறையாய்ச் சொன்ன உண்மை எவ்வளவு பெரிய சாவைக் கொண்டுவரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மௌனத்தை மரியாதையாகக் கொள்ளும் நம் துணைக்கண்டத்து நோய்க்கும் ஓர் உதாரணம். 2023 பெப்ரவரி 27ஆம் நாள், டுபாயிலிருந்து டெல்லிக்கு வந்த எயார் இந்தியா விமானத்தில், பயணியாக வந்த நிறுவன ஊழியர் ஒருவரைத் தலைமை விமானி விதிக்கு மாறாக விமானி அறைக்குள் அழைத்து வைத்திருந்தார். இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் அவருடைய உரிமத்தை மூன்று மாதங்கள் நிறுத்தியது. நிறுவனத்துக்கு 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதித்தது. துணை விமானிக்கும் எச்சரிக்கை கிடைத்தது. அவர் செய்த குற்றம் என்ன? உறுதியாக நின்று தடுக்காததுதான். மூத்தவரை எதிர்த்துப் பேசாத பண்பை வீட்டில் மெச்சலாம். விமானி அறையில் அது குற்றம்.

மருமகனின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்வார்கள். "இது பரஸ்பர ஏற்பாடு. இன்று அவர்கள் என்னை ஏற்றுகிறார்கள். நாளை நாங்கள் அவர்களை ஏற்றுவோம். ஆகவே இது பிச்சையல்ல, உரிமை." கேட்க நன்றாயிருக்கிறது. நிறுவனங்களுக்கிடையே உள்ளது ஒப்பந்தம்தான். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் கதவைத் திறப்பது ஒப்பந்தமன்று. முன்பின் அறியாத ஒரு தலைமை விமானியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எத்துணை மெல்லிய நூல் என்பதை 2023 ஒக்டோபர் 22ஆம் நாள் ஹொரைசன் நிறுவனத்தின் விமானம் காட்டியது. ஜம்ப் சீற்றில் இருந்தவர் அதன் சகோதர நிறுவனமான அலாஸ்காவின் விமானி. அன்று பணியில் இல்லாதவர். நடுவானில் இயந்திரங்களை அணைக்கும் பிடிகளை அவர் இழுக்க முயன்றார். ஓட்டியவர்கள் மடக்கிப் பிடித்திராவிட்டால் எண்பதுக்கும் மேற்பட்டோர் போயிருப்பார்கள். அதற்குப் பிறகும் அந்தக் கதவு விருந்தாளிகளுக்கு மூடப்படவில்லை. அப்படிப்பட்ட கதவின் முன் நின்று வரிசை எண்ணுக்காக வழக்காடுவது அழகா?

ஊருக்கு உபதேசம் செய்கிற நான் யோக்கியனா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு ஒரு பேருந்தில் போனேன். அது யாருடைய பேருந்து என்பது இங்கே தேவையில்லை. பத்திரிகை அடையாள அட்டையைக் கண்ட நடத்துநர் மரியாதையாக என்னை முன் ஆசனத்தில் இருத்தினார், காசும் வாங்கவில்லை. வேலணையில் இன்னொரு சாரதி ஏறி, ஓட்டுபவரின் தோளோடு தோளாக நின்று கதைக்கத் தொடங்கினார். புங்குடுதீவுக்குப் போகும் பாலத்தில், இருமருங்கும் கடல். ஓட்டுபவர் அவருடைய முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஒருமுறை சக்கரம் வீதியின் விளிம்பில் இறங்கி ஏறியது. பின்னால் குழந்தைகள் வீரிட்டன. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் சொல்லவில்லை. ஓசியில் இருத்தியவனுக்கு எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். ஊழலையும் அநீதியையும் பற்றி நாளுக்கொரு தலையங்கம் எழுதிய கை, அன்று மடியில் கிடந்தது.

அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், காசு கொடுத்து ஏறிய எவரையும்விட அதில் எனக்கே பங்கு அதிகம் இருந்திருக்கும். ஏனெனில் முன்னால் இருந்து பார்த்தவன் நான். இரவல் இருக்கை விருந்தாளிக்குத் தருவது வசதியை மட்டுமன்று, காட்சியையும் தருகிறது. பார்க்கக் கிடைத்தவனுக்குச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது.

அன்று விறாந்தை கலைந்த பின் மருமகனிடம் தனியாகக் கேட்டேன்: "உம்மட விமானத்திலை வேறை கம்பனிக்காரர் ஒருத்தர் ஏறி, இறங்கிற நேரம் உயரம் பிழையெண்டு சொன்னால் கேப்பீரோ?"

"கட்டாயம் கேப்பன் மாமா."

"முன் சீற் தா எண்டு கேட்டால்?"

அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார். நல்ல பிள்ளை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. இனி, முதுகில் தட்டுகிற நமக்குத்தான் தெரியவேண்டும்.