ஐம்பதில் வளையாதுன்னு எவன் சொன்னான்?

நம்ம ஊர்ல அதிகமான ஆளுங்களைக் கெடுத்த பழமொழி எதுன்னு ஒரு போட்டி வெச்சா, என் ஓட்டு "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா"வுக்குத்தான். நல்ல பழக்கவழக்கத்துக்குச் சொன்னதை நம்மாளுங்க கைகால் வரைக்கும் நீட்டிட்டாங்க. நீச்சலா, சைக்கிளா, தையலா... "இந்த வயசுல எதுக்கு?" அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

சொந்தக் கதைதான் சாமி. அம்மாவுக்கு அப்போ 56 வயசு. அப்பாவுக்குச் சர்க்கரையில கண் மங்கிப்போய், இனிமே வண்டியைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆஸ்பத்திரி 7 கிலோமீட்டர். பஸ் ஒரு நாளைக்கு மூணு தடவை, அதுவும் வந்தா உண்டு. நான் இருக்கறதோ சென்னையில. அம்மா ஒரே வரியில முடிச்சாங்க: "ஸ்கூட்டியை நான் ஓட்டறேன்டா." மாமா சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு.

டிரைவிங் ஸ்கூல்ல 3,000 ரூபாய் கட்டிச் சேர்த்தேன். மாஸ்டர் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு, "கையைப் பாருங்க, முழங்கையை விறைக்காதீங்க, காலை உள்ள வைங்க"ன்னு ஒரே கத்தல். நாலாவது நாள் வண்டி சாய்ஞ்சு முழங்கால் தோல் பேர்ந்துபோச்சு. உடனே தீர்ப்பு: "உங்களுக்கு இது செட் ஆகாதும்மா, வயசாயிடுச்சுல்ல."

வயசாம்! நீர் கத்தின கத்தல் கணக்குலயே வராதா ஐயா? 1998ல கபிரியேல் வுல்ஃப்னு ஒரு அம்மணியும் கூட இருந்தவங்களும், பனிச்சறுக்கு மாதிரி ஆடுற ஒரு மேடையில ஆட்களை ஏத்திப் பார்த்தாங்க. கால் மேல கவனம் வைக்கச் சொன்னவங்களைவிட, காலுக்குக் கீழே இருக்கற சக்கரத்து மேல கவனம் வைக்கச் சொன்னவங்க நல்லாவே கத்துக்கிட்டாங்க. சொந்தக் கைகாலையே உத்துப் பார்த்தா, தானா நடக்க வேண்டியது தடுக்கிடுது. மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை எப்படி வைக்கறோம்னு யோசிச்சுப் பாருங்க, புரியும் (கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு யோசிங்க).

அப்புறம் இந்த விழற விஷயம். நடை பழகுற குழந்தைங்களை கேரன் அடால்ஃபும் அவங்க குழுவும் எண்ணிப் பார்த்து 2012ல எழுதினாங்க: விளையாடற ஒரு மணி நேரத்துல சராசரியா 2,368 அடி, 17 தடவை விழறது. எந்தத் தாத்தாவாவது "இவனுக்கு நடை செட் ஆகாது"ன்னு சொல்லியிருக்காரா? அம்மா நாலு நாள்ல ஒரு தடவை விழுந்தாங்க, சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

வயசு ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. ஜெர்மனியில 60 வயசை ஒட்டினவங்களுக்கு மூணு மாசம் பந்து மூணைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கற பயிற்சி கொடுத்தாங்க, 2008ல முடிவு வந்துச்சு. இளவட்டத்தைவிடக் குறைஞ்ச பேருக்குத்தான் நல்லா கைவந்துச்சு. ஆனா பழகினவங்க மூளையில சில இடம் வளர்ந்திருந்துச்சு. மெதுவா வரும்ங்கறதும் வராதுங்கறதும் ஒண்ணா?

ஜெர்மனி எதுக்கு, பக்கத்துல புதுக்கோட்டை இருக்கே. 1990களோட ஆரம்பத்துல அறிவொளி இயக்கத்துல, கல்குவாரியில வேலை செஞ்ச பெண்கள், கூலி வேலைக்குப் போனவங்கன்னு ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அவங்கள்ல எத்தனை பேரு அஞ்சு வயசுல வளைஞ்சவங்க?

குழந்தை விழறதும் 56ல விழறதும் ஒண்ணு இல்ல, எலும்பு பேசும். அதனால லீவு போட்டு ஊருக்குப் போய், கோயில் திடல்ல வண்டியை இஞ்சினே போடாம, ரெண்டு காலாலயும் தரையைத் தள்ளித் தள்ளி உருட்டச் சொன்னேன். "கையைப் பார்க்காதீங்க, அந்த வேப்பமரத்தைப் பாருங்க." அவ்வளவுதான் நம்ம பாடம். ஆறாவது நாள் அம்மாவோட கால் தானா மேலே ஏறிடுச்சு. அப்புறம்தான் இஞ்சின்.

ரெண்டாவது தடவையில எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிட்டாங்க. மூணு வருஷமா அப்பாவைப் பின்னாடி வெச்சு ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் கூட்டிப்போறாங்க. யு டர்ன் மட்டும் இன்னும் இறங்கித் தள்ளித்தான். மாமா இப்ப பஸ் ஸ்டாண்டுக்கு லிஃப்ட் கேக்கறாராம்.

அந்த 3,000 ரூபாய் மட்டும் இன்னும் திரும்பி வரல.