வார்டில் கற்கும் வித்தை

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்கள் வெளியான நாள் முதல் கலந்தாய்வு முடியும் நாள் வரையில், பிள்ளைகளை உயிரியல் பிரிவில் படிக்கவைத்த பெற்றோர்கள் என்னிடம் வந்து, மனத்திலுள்ள ஆசையையும் கையிலுள்ள மதிப்பெண்ணையும் ஒருங்கே எடுத்துரைத்து, "டாக்டர் படிப்பு கிடைக்காது போலிருக்கிறது, பிசியோதெரபியிலாவது சேர்த்துவிடலாமா?" என்று கேட்கும்போது, அவ்வினாவில் மற்றெல்லாச் சொற்களையும் நான் பொறுத்துக்கொள்வேன், அந்த 'ஆவது' ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க இயலுவதில்லை. ஒரு வித்தையை, வேறொன்று கைநழுவியதற்குக் கிடைத்த ஈடாகக் கருதி அதற்குள் அடியெடுத்துவைக்கும் மாணவன், தான் இழந்ததை எண்ணியே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறான். அவன் கையில் பின்னாளில் தன் சரீரத்தை ஒப்படைக்கப்போகும் நோயாளியைப் பற்றி அப்போது யாரும் சிந்திப்பதில்லை.

என் தாயார் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்த காலத்தில், அவரை எழுப்பி உட்காரவைக்க முயன்ற நாங்கள், பரிவின் மிகுதியால் செயலற்ற அந்தக் கையையே பற்றி இழுத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், வயது இருபத்தைந்துகூட நிரம்பியிராத பெண், முதன்முதலாகச் செய்த காரியம் எங்கள் கைகளை அதிலிருந்து விலக்கியதுதான். தசைகள் தளர்ந்துபோன தோளில் அவ்விதம் இழுத்தால் மூட்டு தன் குழியை விட்டு இறங்கிவிடும் என்று விளக்கி, முதுகுப்புறத் தோள்பட்டையைத் தாங்கி, உடலை ஒருபக்கமாகத் திருப்பி எழுப்பும் முறையை என் மனைவிக்கும் எனக்கும் பொறுமையாகப் பழக்கினார். நான்கு மாதம் வந்தார். என் தாயார் நிற்கப் பழகிய நாட்களில், தாம் தாங்கிக்கொண்டிருந்த கையை எந்தக் க்ஷணத்தில் விட்டுவிடலாம் என்பதை அவர் அறிந்திருந்த விதம் எனக்கு மிகுந்த வியப்பை அளித்தது. இதை எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் ஆண்டில் நாள்தோறும் காலையில் நரம்பியல் வார்டில் நின்று கற்றேன் என்றார். இன்று நான் சொல்லவிருப்பதெல்லாம் அந்த மறுமொழியின் விரிவே.

இத்துறையின் வரலாறும் அதற்கே சாட்சி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்துவதற்காக, முன்கையில் வேறு வேலை செய்துகொண்டிருந்த தசையின் நாணைக் கொண்டுவந்து விரல்களில் இணைக்கும் அறுவைச் சிகிச்சையை 1940-களின் இறுதியில் தொடங்கினார். சர்ஜனின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மணிக்கட்டை உயர்த்துவதற்கென்றே பிறந்த தசைக்கு, இனி உன் வேலை விரலை இயக்குவது என்று கற்பிப்பதற்கு, வாரக்கணக்கில் ஒருவர் நோயாளியின் அருகில் அமர்ந்து அப்பியாசம் செய்விக்க வேண்டும். அது நடவாவிடில் கத்தியின் திறமை முழுவதும் வீணே. அதே வேலூரில், 1954-ஆம் ஆண்டு நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, பிறகு மறுவாழ்வு மருத்துவத்தைத் தாமே கற்றுத் திரும்பியதன் பயனாக, 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. நோயாளியின் தேவைதான் இத்துறையை ஈன்றெடுத்தது. பாடத்திட்டம் பின்னால் வந்தது.

படிப்பின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் பி.பி.டி. என்னும் இளநிலைப் பட்டம் நெடுங்காலமாக நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாதக் கட்டாயப் பயிற்சியுமாக இருந்துவந்தது. 2021-இல் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆணையம், 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில், பயிற்சிக் காலத்தை ஓராண்டாக்கி மொத்தம் ஐந்தாண்டு என வகுத்திருக்கிறது; பயிற்சியை நீட்டியது மிகவும் நல்ல காரியம் என்பதே என் அபிப்பிராயம். சேர்க்கை விதிகளும் மாறிவரும் காலமாதலால், சென்ற ஆண்டு சேர்ந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சொல்லை நம்பாமல், சேரவிருக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பெற்றோர் தாமே படிக்க வேண்டும். ஆறு மாதம், ஓராண்டு என்று விளம்பரப்படுத்தப்படும் சான்றிதழ் வகுப்புகளில் பணத்தைக் கட்டிவிட்டு, அதை வைத்துக்கொண்டு இயன்முறை மருத்துவர் ஆகிவிடலாம் என்று நம்புவோர் பெரிதும் ஏமாறுவார்கள். பட்டம் இன்றி இத்தொழிலுக்கு வாசல் இல்லை.

அடுத்து, எந்தக் கல்லூரி? இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். கட்டடத்தைப் பார்க்கிறார்கள், பேருந்து வசதியைப் பார்க்கிறார்கள், மின்சிகிச்சைக் கூடத்தில் வரிசையாக வைத்திருக்கும் உபகரணங்களைப் பார்த்து மயங்குகிறார்கள். பொத்தானை அழுத்தி இயந்திரத்தை ஓட்டப் பழகுவதற்குச் சில நாட்கள் போதும்; இந்த முழங்காலுக்கு அது வேண்டுமா, வேண்டாமா என்று தீர்மானிக்கும் விவேகத்துக்குத்தான் ஆண்டுகள் வேண்டும். என் உறவினர் மகள் ஒருத்தி சேர்ந்த கல்லூரியில் எல்லாம் இருந்தன, நோயாளிகள் மட்டும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வேனில் ஏற்றி வேறோர் ஊர் மருத்துவமனைக்கு அழைத்துச்செல்வார்கள். அங்கே நாற்பது பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். பின்வரிசையில் நின்றவளுக்கு நோயாளியின் முகம்கூடத் தெரிந்ததில்லை. தேர்வுகளில் நல்ல மதிப்பெண் பெற்றுப் பட்டமும் வாங்கிய அவள், முதல் வேலையில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டு, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவரின் மார்பில் கோத்திருந்த சளியை வெளியேற்ற முனைந்தபோது, தன் கைகள் நடுங்கியதாகச் சொல்லி அழுதாள். குற்றம் அவளுடையதன்று. நான்கு ஆண்டுகளில் அவளுக்கு ஒரு நோயாளியின் மார்பில் கைவைக்க வாய்ப்பளிக்காதவர்களுடையது.

ஆகவே, கல்லூரிக்குச் சொந்தமாக அல்லது அருகிலேயே எத்தனை படுக்கையுள்ள மருத்துவமனை இருக்கிறது, எலும்பு முறிவு, நரம்பியல், குழந்தைகள், தீவிர சிகிச்சை ஆகிய பிரிவுகளில் மாணவர்கள் எந்த ஆண்டு முதல் நிற்கிறார்கள், பாடம் நடத்தும் ஆசிரியர் தாமும் நோயாளிகளைப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். திருச்சியிலும் சென்னை கலைஞர் கருணாநிதி நகரிலும் உள்ளவை போன்ற அரசு நிலையங்களில் இடங்கள் குறைவுதான். ஆயினும் கட்டணம் குறைவு, நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை.

தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. எம்.பி.டி. என்னும் ஈராண்டு முதுநிலைப் படிப்பும் அனுபவமும் சேர்ந்த பிறகே பலருக்கு நிலைமை சீராகிறது. வெளிநாடு செல்ல விரும்புவோர் அந்தந்த நாட்டின் பதிவையும் தகுதிச் சோதனையையும் தனியே கடக்க வேண்டும். எனினும் தேவை பெருகிக்கொண்டேயிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு, இயன்முறைச் சிகிச்சையையும் வீடு தேடி அனுப்ப அரசு தீர்மானித்தது, திண்ணையிலும் கயிற்றுக் கட்டிலிலும் முடங்கிக்கிடக்கும் முதியோர் ஊர்தோறும் இருக்கிறார்கள் என்பதனால்தான்.

பெற்றோர்களே, கட்டணம் செலுத்துவதற்கு முன்னால் ஒருநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அந்தக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போங்கள். வார்டில் மாணவர்கள் நிற்கிறார்களா, அவர்கள் கைகள் நோயாளிகளைத் தாங்குகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும், பணத்தைக் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.