ஸ்காட்சுக்கு நாக்கு பழகினவங்களுக்கு

நகரத்துச் சொந்தங்களே, நீங்க ஸ்காட்ச் ருசி பழகுறதை நான் குத்தம் சொல்லலை. ஐலா தீவு விஸ்கியில புகைவாசம் ஏன் வருதுன்னு கேட்டா, முளைகட்டின பார்லியை பீட் எரிச்ச புகையில காயவைக்கிறாங்கன்னு விளக்குறீங்க. ஓக் பீப்பாயில 3 வருஷமாவது கிடந்தாத்தான் ஸ்காட்ச்ங்கிற பேருன்னு அவங்க சட்டமும் உங்களுக்கு அத்துப்படி.

நம்ம ஊர் சட்டம் தெரியுமா? பனை நம்ம மாநில மரம். கலயத்துல சுண்ணாம்பு தடவி இறக்கினா பதநீர். தடவாம இறக்கினா கள். 1987லிருந்து கள்ளுக்குத் தடை. அதே மரம், அதே பாளை. சுண்ணாம்பு இல்லாட்டி ஏறினவன் மேல கேஸு. பக்கத்துக் கேரளாவுல கள்ளுக்கடை சட்டப்படியே நடக்குது.

ஆனா கரும்பு மொலாசஸ்ல வடிச்ச சாராயத்தைக் கலந்து விஸ்கின்னு பேர் ஒட்டினா, அரசாங்கக் கடையிலேயே விக்கலாம். ஸ்காட்லாந்துல அதை விஸ்கின்னு சொல்லவே விடமாட்டாங்க. தானியத்துல வடிச்சாத்தான் அங்க விஸ்கி.

குடி கெடுதல்னா எல்லாத்தையும் மூடுங்க, கைதட்டுறேன். கள்ளை மட்டும் மூடுறது மதுவிலக்கு இல்லீங்க. பனையேறி வயித்துல அடிக்கிறது. அடுத்தவன் மண்வாசத்தை மோந்து பார்த்து மெச்சுற நீங்க, இதுக்கும் ஒரு வார்த்தை பேசுங்க.