காண்ட்ராக்டுக் கொடி

2025 ஆகஸ்ட் 15ஆம் தேதி காலை, ஓசூர் சிப்காட்டிலுள்ள ஒரு தொழிற்சாலையில் கொடியேற்று விழா நடந்தது. தொழிற்சாலையின் பெயரை நாம் எழுதவில்லை. பலருடைய பிழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. மானேஜர் கொடியேற்றினார். எல்லையில் நிற்கும் வீரர்களைப் பற்றிப் பேசினார். ஆளுக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள். நிரந்தரத் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போனார்கள். காண்ட்ராக்டுத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே அனுப்பி மிஷினை ஓட்டச் சொன்னார்கள். வழக்கமான ஒரு நாள் கூலிதான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர் அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "ஏண்ணா, கொடியும் நம்மள மாதிரிதான். கதர்க் கொடி பர்மனெண்ட்டு. இந்தப் பாலியஸ்டர் கொடி காண்ட்ராக்டு. நாளைக்கு இறக்கிடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சூபர்வைசர் சிரிக்கவில்லை. தேசியக் கொடியை அவமதித்ததாகச் சொல்லி அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இதில் நமக்கு ஆச்சரியமில்லை. அன்று மாலை டீக்கடையில் நடந்ததுதான் நம்மைக் கவலைப்பட வைக்கிறது. அதே ஷெட்டில், அதே கூலிக்கு வேலை செய்கிற சிலர், "அவனுக்கு வேண்டியதுதான், கொடியைப் போய்க் கிண்டல் பண்ணலாமா?" என்றார்கள். வேறு சிலர் அவர்கள் மீது பாய்ந்தார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் இந்தியுமாக வாய்ச்சண்டை முற்றியது. இரட்டைச் சம்பளத்தைப் பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்தத் தம்பி சொன்னதில் பொய் இருக்கிறதா என்று பார்ப்போம். தேசியக் கொடி கையால் நூற்று, கையால் நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்பது பல்லாண்டு கால விதி. 2021 டிசம்பர் 30ஆம் தேதி மத்திய சர்க்கார் கொடி விதியைத் திருத்தியது. மிஷினில் செய்த பாலியஸ்டர் கொடியும் செல்லும் என்றாயிற்று. 2022 ஆகஸ்டில் வீட்டுக்கு வீடு கொடியேற்றச் சொன்னபோது பாலியஸ்டர் கொடிகள் கடைகளில் குவிந்தன. நமக்குப் பக்கத்து ராஜ்யத்தில், ஹூப்ளி நகரத்துப் பெங்கேரியில், விதிப்படி கதர்க் கொடி செய்து சர்க்கார் முத்திரை பெற்ற கூடம் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். துணியை அளந்து, மூன்று வர்ணத்தையும் சேர்த்துத் தைத்து, அசோகச் சக்கரத்தை இருபுறமும் பிசகாமல் பதிப்பது அவர்களுடைய தொழில். இந்தத் திருத்தம் தங்கள் சோற்றில் மண்ணைப் போடுகிறது என்று அவர்கள் 2022ல் போராடினார்கள். அவர்களுடைய குரலுக்கு யார் எழுந்து நின்றார்கள்? ஆகஸ்ட் 16ஆம் தேதி சாலையோரத்தில் கிடந்த பாலியஸ்டர் கொடிகளைக் குனிந்து பொறுக்கியவர்கள் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களும் காண்ட்ராக்டுதான்.

கொடியோடு இது நிற்கவில்லை. 2022 ஜூன் 14ஆம் தேதி அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாயாகச் சேருகிறவனுக்கு இனி நான்கு ஆண்டு வேலை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து நீடிக்கலாம். மற்றவர்களுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை. நான்காண்டு அப்ரெண்டிஸாக வைத்திருந்து, ஐந்தாம் ஆண்டு கேட்டைச் சாத்துகிற வித்தை ஓசூர்க்காரர்களுக்குப் புதிதா? ஊத்தங்கரையிலும் பர்கூரிலும் விடிவதற்கு முன்னால் தார் ரோட்டில் ஓடிப் பழகுகிற பிள்ளைகள் யார்? விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். அவர்கள் ஓடுவது தேசபக்தியாலும்தான், ஒரு நிரந்தரச் சம்பளத்துக்காகவும்தான். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் கேவலம் ஒன்றுமில்லை.

கொடியைக் காண்ட்ராக்டுக்கு விட்டவர்கள், சிப்பாயைக் காண்ட்ராக்டுக்கு எடுப்பவர்கள் தேசபக்தர்கள். அதைச் சொல்லிச் சிரித்த காண்ட்ராக்டுத் தொழிலாளி துரோகி! இது எந்த ஊர் நியாயம்?

சட்டத்தைக் காட்டி மிரட்டினால் பயப்படத் தேவையில்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் கொடியை எரிப்பது, மிதிப்பது, பேச்சாலோ எழுத்தாலோ இழிவுபடுத்துவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை. ஆனால், சட்டபூர்வமான வழியில் கொடியையே மாற்ற வேண்டும் என்று கருதிச் செய்யும் விமர்சனம்கூடக் குற்றமாகாது என்று அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது. கேரளத்தில் மூன்று பள்ளிப் பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் மதநம்பிக்கை காரணமாகப் பாடவில்லை என்பதற்காக வெளியேற்றப்பட்டார்கள். 1986ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கச் சொன்னது. பாலியஸ்டரைப் பாலியஸ்டர் என்று சொன்னவனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்க சூபர்வைசருக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது?

டீக்கடைச் சண்டைக்கு வருவோம். அது ஆகஸ்டில் துவங்கியதல்ல. 2025 ஏப்ரல் 22ஆம் தேதி காஷ்மீரத்துப் பஹல்காமில் 26 பேரைக் கொடியவர்கள் சுட்டுக் கொன்றார்கள். தடுக்கப் போய் உயிர் விட்டவர்களில் மட்டக்குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர் முஸ்லிம் தொழிலாளி ஒருவரும் உண்டு. நாடே கொதித்தது, அந்தக் கோபம் நியாயமானது. மே 7ஆம் தேதி நமது ராணுவம் தாக்கியது, 10ஆம் தேதி சண்டை நிறுத்தம் வந்தது. அந்த நாட்களில் நமது டீக்கடைகளிலும் லாகூரைப் பிடிப்பதா, கராச்சியைப் பிடிப்பதா என்று பேச்சு. "நீ முதல்ல மூணாவது ஷிப்டுக்குப் போய்ச் சேருப்பா, அப்புறம் கராச்சிக்குப் போகலாம்" என்று ஒருவர் கேலி செய்ததற்கு டம்ளர் பறந்தது. கணவனைப் பறிகொடுத்த கடற்படை அதிகாரியின் இளம் மனைவி, முஸ்லிம்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் பாயாதீர்கள் என்று சொன்னதற்காக அவரையே வாய் கூசாமல் ஏசினார்கள். பூஞ்சிலே பீரங்கிக் குண்டுக்குக் குழந்தைகள் செத்ததைப் பற்றிப் பேச அந்த வாய்களுக்கு நேரமில்லை.

யுத்தத்தைப் பற்றிக் கேலி பேசுவது நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகள் மீது குண்டு வீசியது. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். ஓடியவர்கள் அந்தப் பெயரையும் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் கெட்டிக்காரனைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்டா" என்கிறோம். பயந்த ஏழை ஜனங்கள் பயத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொண்ட கதை அது. அதைத் துரோகம் என்று யாரும் சொல்லவில்லை.

சமாதானம் பேசுகிறவன் கோழை என்கிறார்கள். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1952ல் கம்யூனிஸ்டுகளே தமக்கு முதல் எதிரி என்று அறிவித்தவர். அவருக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் 1962ல், எண்பத்து மூன்று வயதில், கடல் கடந்து வாஷிங்டன் சென்று, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். இன்று நம்மிடமும் அணுகுண்டு இருக்கிறது, பாகிஸ்தானிடமும் இருக்கிறது. தொரப்பள்ளிக் கிழவரைக் கோழை என்று சொல்லத் துணிவுண்டா?

ராணுவத் தளவாடத் தொழிலுக்கு ஓசூரையும் ஒரு மையமாகக் குறித்திருக்கிறார்கள். ஆர்டர் வந்தால் வேலை வரும் என்று நம் ஆட்களே சொல்கிறார்கள். வரட்டும். அந்த வேலையாவது பர்மனெண்ட்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

நமது தோழர்களிடமும் ஒரு வார்த்தை. "கொடி என்றால் வெறும் துணிதானே" என்று சில இளந்தோழர்கள் பேசுவதை நாம் ஒப்பவில்லை. 1932 ஜனவரி 10ஆம் தேதி திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை பிளந்து, மறுநாள் உயிர் விட்ட குமரன் மில்லில் வேலை பார்த்தவர். வெறும் துணிக்காக அவர் சாகவில்லை. டீக்கடையில் கோபித்துக்கொண்டவர்களில் ஒருவருடைய தம்பி ராணுவத்தில் இருக்கிறார். அவரிடம் கேலி பேசி ஜெயிக்க முடியாது. உட்கார்ந்து பேச வேண்டும். தம்பிக்குப் பென்ஷன் உண்டா என்று அவரையே கேட்க வேண்டும். நாம் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை; இன்னொரு டீ சொன்னார், நமக்கும் சேர்த்து.

தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவை சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாட்கள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு, வேறொரு நாள் சம்பள விடுமுறை தர வேண்டும். எது வேண்டுமென்று சொல்லும் உரிமை தொழிலாளியுடையது. ஆகஸ்ட் 15 அன்று ஒற்றைக் கூலிக்கு வேலை செய்தவர்கள், கோபித்தவர்கள் சிரித்தவர்கள் எல்லோருமாக, தங்கள் டோக்கன் நம்பர், ஷிப்டு, காண்ட்ராக்டர் பெயர் மூன்றையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு மனுக் கொடுப்போம். லட்டுக் கணக்கு வேண்டாம். அதை மானேஜரே எழுதி வைத்திருப்பார்.