வாசற்படியில் ஒரு விமானி

காலை ஏழு மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கிவிடும் ஊர் அது. தெருவோரங்களில் கழுதைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைத் தாண்டி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையும் கையில் பிளாஸ்டிக் ஃபைலுமாக ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ விமான நிலையத்தை நோக்கி நடந்துபோவதை வருஷத்தில் சில மாதங்கள் பார்க்கலாம். ஃபைலில் பயோடேட்டா, பைலட் லைசென்ஸ் நகல், மருத்துவச் சான்றிதழ், 200 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்ததற்குச் சாட்சியாக லாக் புத்தகம். நேற்றும் இதே அலுவலகங்களின் படியேறியவர்தான். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அடுத்த வாரம் வந்து பாருங்கள் என்ற பதிலும் பழகிவிட்டது.

ஊரின் பெயர் மவுன். போட்ஸ்வானாவின் வடக்கே, ஒகவாங்கோ டெல்டாவின் தலைவாசல். இங்குள்ள சிறு விமான கம்பெனிகளுக்குத் தபாலிலும் ஈமெயிலிலும் விண்ணப்பம் அனுப்பும் உலகத்துப் புது விமானிகளுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், தமிழ்க் காதில் அந்த ஊர்ப் பெயர் ஒலிப்பதுபோலவே இருக்கிறது. அதனால்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு நேரிலேயே வந்துவிடுகிறார்கள்.

வேலை என்ன என்றால், 'புஷ் பைலட்' வேலை. தார்ச்சாலையும் ரயிலும் போகாத இடங்களுக்குச் சின்ன விமானத்தில் ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்ப்பது. தமிழ்நாட்டைப்போல் நாலரை மடங்கு பரப்புள்ள போட்ஸ்வானாவில் ஜனத்தொகை 25 லட்சத்தைத் தொடவே முக்குகிறது. அங்கோலா நாட்டு மலைகளில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழை, மாதக்கணக்கில் நகர்ந்து, ஜூன், ஜூலையில்தான் டெல்டாவின் தென்முனைக்கு வந்துசேர்கிறது. கடலைப் பார்க்காமலே மணலிலும் வெயிலிலும் தீர்ந்துபோகிற ஆறு அது. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது இங்கே வெள்ளம். யானையும் சிங்கமும் நீரைத் தேடி வர, அவற்றைத் தேடி டாலரும் வருகிறது. கூட்டம் குறைவாக, கட்டணம் அதிகமாக என்பதே அந்நாட்டின் சுற்றுலாக் கொள்கை. டெல்டாவின் உள்ளே இருக்கும் விடுதிகள் பலவற்றுக்கு விமானம்தான் டவுன்பஸ். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000ஆவது இடமாக ஒகவாங்கோ 2014இல் சேர்ந்தது.

டவுன்பஸ் என்றால் டிரைவர் வேண்டும். இந்த இடத்தில்தான் புது விமானியின் கணக்கும் கம்பெனியின் கணக்கும் சந்திக்கின்றன.

வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரப் பறப்பு பல நாடுகளில் போதும்; இந்தியாவிலும் அதுவே. ஆனால் லைசென்ஸை வாங்கியவுடன் தெரியவருவது, அந்த 200 மணி நேரத்தை யாரும் மதிப்பதில்லை என்பது. அமெரிக்காவில் 2009இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த விபத்துக்குப் பிறகு சட்டம் கடுமையாகி, 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும். அனுபவம் இருந்தால்தான் வேலை, வேலை இருந்தால்தான் அனுபவம். கல்யாணமானால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணமாகும் என்ற நம் ஊர்க் கதை. இந்தச் சிக்கலை அவிழ்க்க உலகில் மிஞ்சியிருக்கும் சில சந்துகளில் ஒன்று மவுன். கனடாவின் வடபகுதி, அலாஸ்கா, பப்புவா நியூகினி, இந்தோனேசியாவின் பப்புவா ஆகியவை மற்றவை.

சரி, பயோடேட்டாவை அனுப்பினால் போதாதா? போதாது என்பதற்குக் கம்பெனிகளிடம் காரணங்கள் உண்டு. அவற்றில் சில நியாயமானவையே.

முதலாவது, காலியிடம் நோட்டீஸ் கொடுத்து வருவதில்லை. ஒரு விமானிக்குப் பெரிய ஏர்லைனிலிருந்து அழைப்பு வரும். இன்னொருவருக்கு மலேரியா வரும். திங்கட்கிழமை ஆள் போனால் அந்த வாரமே ஆள் வேண்டும். அப்போது தலைமை விமானி பழைய ஈமெயில்களைத் துழாவிக்கொண்டிருக்க மாட்டார். நேற்று வாசலில் நின்ற முகம்தான் ஞாபகத்துக்கு வரும். சுற்றுலாப் பருவம் சூடுபிடிப்பது ஜூன் முதல் அக்டோபர் வரை. பருவம் முடிந்து பழைய கைகள் கிளம்பும் மழை மாதங்களில்தான் புதுக் கைகளுக்கு வழி பிறக்கும். இது தெரியாமல் ஆகஸ்டில் வந்து இறங்குபவர், எல்லோரும் பறந்துகொண்டிருப்பதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது, லைசென்ஸில் எழுதியிராத தகுதிகள். இந்த வேலையில் விமானியே கிளீனர், விமானியே போர்ட்டர். அதிகாலையில் கண்ணாடி துடைப்பதும், எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சாம்பிள் பிடித்துப் பார்ப்பதும், பெட்டிகளை ஏற்றி இறக்குவதும் அவரே. ஒரு பயணிக்குப் பொதுவாக 20 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். சக்கரம் வைத்த பெட்டியோடு வந்து நிற்கும் கோடீஸ்வரரிடம் அதை ஏற்ற முடியாது என்று சிரித்தபடி சொல்லத் தெரிய வேண்டும். பதினைந்து, இருபது நிமிஷத்தில் ஒரு தரையிறக்கம். நாளொன்றுக்கு ஏழெட்டு தடவை. ஓடுபாதை வெறும் மண். இறங்குமுன் ஒரு முறை தாழப் பறந்து, யானையோ காட்டெருமையோ குறுக்கே நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்வார்கள். சில சமயம் விடுதிக்காரர் ஜீப்பை ஓட்டி விலங்குகளை விரட்டுவார். இதையெல்லாம் ஒருவர் முகம் சுளிக்காமல் செய்வாரா, மூன்றாம் மாதமே ஊர் ஞாபகம் வந்து மூட்டை கட்டுவாரா என்பது பயோடேட்டாவில் தெரியாது. வெயிலில் நாலு வாரம் காத்திருந்தவரிடம் ஓரளவு தெரியும்.

வந்தவர் பேசும் தோரணையும் கவனிக்கப்படுகிறது. வரவேற்பறைப் பெண்ணிடம் விறைப்பாகவும், தலைமை விமானியிடம் குழைவாகவும் பேசுகிறவரின் விஷயம் அன்று மாலையே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சிறிய ஊர், அதைவிடச் சிறிய தொழில். சாயங்காலம் விமானிகள் கூடும் மதுக்கடையில் யாரோ தற்செயலாகக் கேட்கும் நாலு கேள்விகள்தான் உண்மையான இண்டர்வியூவாக இருக்கக்கூடும்.

காத்திருப்பதற்கு விலை உண்டு. தமலகானே ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவது இருப்பதிலேயே மலிவு. ஆனால் சாப்பாடு, போக்குவரத்து, உள்ளூர் விமானச் சட்டத் தேர்வு, லைசென்ஸ் மாற்றம் என்று கை கரைந்துகொண்டே போகும். சுற்றுலாப் பயணியாக ஓர் ஆண்டில் 90 நாளுக்கு மேல் அந்நாட்டில் இருக்க முடியாது. வேலை கிடைத்தாலும், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டி கம்பெனி பர்மிட் வாங்கித்தர வேண்டும். எழுபதாவது நாளில், வங்கிக் கணக்கில் திரும்பும் டிக்கெட்டுக்கு மட்டும் பணம் இருக்கும்போது, இன்னும் இருபது நாள் பார்ப்பதா என்று முடிவெடுப்பது எந்தப் பறக்கும் பள்ளியிலும் கற்றுத்தராத பாடம்.

கனடாவின் வடக்கே இதே காத்திருப்பு வேறு உருவில் நடக்கிறது. புது லைசென்ஸோடு காரை எடுத்துக்கொண்டு வடக்கே போகும் இளைஞர்கள், ஊர் ஊராக ஹேங்கர் கதவைத் தட்டுவார்கள். வேலை தரப்படும், ஆனால் விமானத்துக்கு வெளியே. மைனஸ் 40 டிகிரி குளிரில் சரக்கு ஏற்றுவது, இறக்கையில் படிந்த பனியை அகற்றுவது, எஞ்சினுக்குச் சூடேற்றுவது. இப்படி ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ உழைத்த பிறகே விமானி இருக்கை. யெல்லோநைஃப் நகரில் பழைய டி.சி.3 விமானங்களை வைத்து ஓட்டிய பஃபலோ ஏர்வேஸ் கம்பெனியைப் பற்றி 2009 முதல் வந்த 'ஐஸ் பைலட்ஸ்' டெலிவிஷன் தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குருகுல வாசம் தெரிந்திருக்கும். குருவுக்கு விறகு பிளந்த சீடர்கள் நம் புராணத்தில் மட்டும் இல்லை. ஆனால் அந்தச் சீடர்கள் கல்விக் கடனுக்கு வட்டி கட்டவில்லை.

இந்தக் காத்திருப்பு திறமையை மட்டும் வடிகட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் வேலையில்லாமல் அந்நிய ஊரில் உட்கார்ந்திருக்கப் பணம் வேண்டும். பல நாடுகளுக்குள் கேட்காமல் நுழையவிடும் பாஸ்போர்ட் வேண்டும். இரண்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், தென் ஆப்பிரிக்கர்கள். பொறுமைக்கான பரீட்சை என்று சொல்லப்படுவதில் பாதி, அப்பாவின் பர்ஸுக்கான பரீட்சை.

வேலையில் ஆபத்தும் உண்டு. மவுன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,100 அடி உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது காற்று லேசாகிவிடும். எஞ்சினுக்கு வலு குறையும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும், தரையைவிட்டு எழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். அந்த நேரத்தில்தான் விடுதிக்காரர் இன்னும் இரண்டு பெட்டியை ஏற்றச் சொல்வார். புதிதாக வேலைக்கு வந்த, இதற்காகவே நாலு மாதம் காத்திருந்த 23 வயதுக்காரர் முடியாது என்று சொல்வாரா? தலைமை விமானிகள் வாசலில் நிற்பவரிடம் தேடுவது இந்த 'முடியாது'வைத்தான் என்றால் முரணாகத் தோன்றும்; நல்ல கம்பெனிகள் அதைத்தான் தேடுகின்றன. 2011 அக்டோபரில் ஒகவாங்கோவில் ஒரு செஸ்னா காரவன் விமானம் கிளம்பிய சற்று நேரத்தில் விழுந்து தீப்பிடித்தது. விமானி உள்பட 8 பேர் மாண்டனர், 4 பேர் பிழைத்தனர். பப்புவாவில் வேறு வகை ஆபத்து. அங்கே மலைக்கிராம ஓடுபாதையில் காரவனைப்போலச் சிறியதொரு விமானத்தை இறக்கிய நியூசிலாந்து விமானி ஒருவரைப் பிரிவினைவாதிகள் 2023 பிப்ரவரியில் பிடித்துக்கொண்டு போனார்கள். விடுதலை கிடைத்தது 2024 செப்டம்பரில்.

ஓட்டக் கிடைக்கும் விமானத்துக்கு வயது பெரும்பாலும் விமானியைவிட அதிகம். செஸ்னா 210 ரக விமானத்தின் உற்பத்தி 1986லேயே நின்றுவிட்டது. அதை ஓட்டிப் பழகி, பிறகு டர்போபிராப் எஞ்சின் பொருத்திய காரவனுக்கு மாறுவதுதான் இங்கே முதல் பிரமோஷன்.

இந்தியாவில் இப்படியொரு சந்து இல்லை. அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவழித்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் ஏர்லைன் தேர்வு அறிவிப்புக்காக வருஷக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள். 2012இல் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையில் நின்றபோது, அனுபவசாலிகளும் அதே வரிசையில் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஹேங்கர் வாசலில் போய் நிற்கலாம் என்றால், நிற்பதற்கு ஹேங்கர் எங்கே? ஆறு இருக்கை விமானத்தில் மண் பாதையில் இறங்கிக் கற்கும் வேலை இங்கே தொழிலாக வளரவில்லை. இத்தனைக்கும் இந்திய விமானப் போக்குவரத்தே அப்படித்தான் தொடங்கியது. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபாலோடு கிளம்பி, அகமதாபாத்தில் மாட்டுவண்டியில் வந்த பெட்ரோலை நிரப்பிக்கொண்டு பம்பாய் ஜூஹுவின் சேற்று நிலத்தில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மழைக்காலத்தில் அந்த ஓடுதளம் தண்ணீருக்குள் இருக்கும். ஒகவாங்கோ விமானிகள் கேட்டால் சிரித்துத் தலையாட்டுவார்கள்.

மவுனில் வேலை கிடைப்பவர்களுக்கு அது ஆரவாரமில்லாமல்தான் கிடைக்கிறது. ஒரு சாயங்காலம் போன் வரும்: நாளைக் காலை வந்துவிடுங்கள், லாக் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். சோதனைப் பறப்பு, பக்கத்தில் மூத்த விமானி. ஓடுபாதையின் பாதி தூரத்துக்குள் சக்கரம் எழும்பாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மாதிரிக் கேள்விகள். தேறினால் பல வாரங்கள் பயிற்சி. ஒவ்வொரு விடுதியின் ஓடுபாதையும் தனித்தனியாகப் பழக வேண்டும். முதலில் தக்காளியும் பீரும் டாய்லெட் பேப்பரும்; பிறகே பயணிகள்.

ஓரிரண்டு வருஷத்தில் லாக் புத்தகத்தில் மணிகள் ஆயிரத்தைத் தாண்டும். ஏதோ ஒரு பெரிய ஏர்லைனிலிருந்து கடிதம் வரும். அவர் நோட்டீஸ் கொடுக்கும் செய்தி அன்று மாலை ஆற்றங்கரைக் கூடாரங்களை எட்டிவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த அலுவலகத்தின் படிகளில் மூன்று வெள்ளைச் சட்டைகள் நிற்கும்.