பூனைக்காலிப் பொடியும் இடது மரையும்

பிள்ளைகளே, சொந்தபந்தங்களே, பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் திட்ட ஆரம்பித்துவிட்டாள் என்று பாதியில் மூடாமல் கடைசி வரை படியுங்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கிற மாத்திரையெல்லாம் கெமிக்கலாம். பூனைக்காலி விதைப் பொடியே போதுமாம். மாத்திரையைத் தூக்கி எறியலாமாம். இருபது பேர் கைகூப்பியிருந்தீர்கள். பொன்னேரியில் இருக்கும் என் அண்ணன் ஆறு வருடமாக அந்த மாத்திரை சாப்பிடுகிறவர். யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டுப் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார். நான்காம் நாள் காலையில் கால் எழும்பாமல் வாசற்படியில் விழுந்தார். இடுப்பு தப்பியது. தலையில் ஆறு தையல்.

பூனைக்காலி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த விதையில் டோபா என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னையில் எம். தாமோதரன், ஆர். இராமசாமி என்ற இருவர் 1937-இல் அதைப் 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அண்ணன் சாப்பிடும் மாத்திரையில் இருப்பதும் அதே டோபாதான். அப்படியானால் ஒன்று மூலிகை, இன்னொன்று கெமிக்கல் என்று எப்படிப் பிரித்தீர்கள்?

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற என் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு வலது மரை, அசிட்டிலீனுக்கு இடது மரை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் மாற்றி மாட்டினால் ஏறாது. அமினோ அமிலங்களிலும் கிளைசின் தவிர மற்றவற்றுக்கு இப்படி இடது, வலது என்று இரண்டு வடிவம் உண்டு. நம் உடம்பின் புரதங்கள் இடது வடிவத்தால் ஆனவை. மாத்திரையின் பெயரே லெவோடோபா, அதாவது இடது டோபா.

1967-இல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கு இரண்டு வடிவமும் கலந்த டோபா கொடுத்தார். நடுக்கம் குறைந்தது, ஆனால் சிலருக்கு ரத்தத்தில் வெள்ளணுக்களும் குறைந்தன. பிறகு இடது வடிவத்தை மட்டும் கொடுத்தபோது குறைந்த அளவே போதுமானதாக இருந்தது, அந்த ஆபத்தும் விலகியது.

சரி, இரண்டும் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? நிறம் ஒன்றே, எடை ஒன்றே. சாதாரணமாகப் புற ஊதா ஒளி பாய்ச்சிப் பார்த்தாலும் இரண்டும் ஒரே அளவுதான் உறிஞ்சும். அங்கேதான் ஒளியையே மரை போல முறுக்கிவிடுகிறார்கள். இடது முறுக்கு ஒளி, வலது முறுக்கு ஒளி என்று வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாற்றி மாற்றி அனுப்பி, எதை எவ்வளவு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். வட்ட இருநிறமை என்று அதற்குப் பெயர். 1895-இல் பிரான்சில் கோட்டன் கண்டது.

சிப்காட்டில் மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் இருக்கும் என் பழைய மாணவி எம்.எஸ்ஸி. படித்தபோது இதைச் செய்திருக்கிறாள். கண்ணாடிக் குப்பி புற ஊதாவை விழுங்கிவிடும் என்பதால் குவார்ட்ஸ் குப்பி வேண்டும். காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் குறுக்கே நிற்கும் என்பதால் நைட்ரஜனை ஓடவிட்டு அதை வெளியேற்ற வேண்டும். இடது அலனினை வைத்தால் 200 நானோமீட்டரை ஒட்டிக் கோடு மேடாக எழும்புகிறது. வலது அலனினை வைத்தால் அதே அளவுக்குப் பள்ளம். பாதிக்குப் பாதி கலந்தால் தட்டைக் கோடு. ஆலையில் அன்றாடச் சோதனைக்கு இதன் அண்ணனான போலாரிமீட்டர் போதும் என்றாள். இவளைத்தான் நீங்கள் கல்யாண வீட்டில் "பட்டன் அமுக்குற வேலைதானே" என்று கேலி செய்தீர்கள்!

விதையில் இருப்பது இயற்கையாகவே இடது வடிவம்தானே டீச்சர் என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் எவ்வளவு? விதைக்கு விதை, மண்ணுக்கு மண் மாறும். அண்ணன் வாங்கிய பொட்டலத்தில் விலை இருந்தது, அளவு இல்லை. மாத்திரையிலோ இத்தனை மில்லிகிராம் என்று இருக்கிறது. டோபா மூளைக்குப் போகும் முன்பே வழியில் வீணாகாமல் தடுக்க கார்பிடோபாவும் சேர்ந்திருக்கிறது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

இயற்கை என்பது பரிசோதனைக்கு விலக்கு அல்ல. டீச்சர் ட்ரெய்னிங் மட்டும் படித்தவள் நான். அளக்காமல் விடை எழுதினால் மதிப்பெண் இல்லை என்றுதான் உங்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். நோட்டில் அதற்குத் தலையாட்டிவிட்டு, செல்போனில் மட்டும் எதையும் நம்புவீர்களா?

அண்ணன் இப்போது மறுபடி மாத்திரையில் இருக்கிறார், மெதுவாக நடக்கிறார். அந்தச் செய்தியை இன்றே அழியுங்கள். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு "தவறு" என்று ஒரு வரி அனுப்புங்கள். பொடி சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் டோபா அளவு கூடிவிடும்.

கோபம் வந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள். காபி தருகிறேன், சண்டை போடுவோம்.