கோழை அல்ல, காயம்பட்டவன்!

போர்க்களம் புகுபவனுக்கு மாலை சூட்டுகிறோம். மாண்டவனுக்கு நடுகல் நாட்டுகிறோம். கையிழந்து, காலிழந்து வருபவனைக் கண்டு கண் கலங்குகிறோம். ஆனால், கையும் காலும் சேதமின்றித் திரும்பி, நள்ளிரவிலே அலறி எழுகிறானே ஒருவன், கதவு படாரென்று சாத்தினால் தரையிலே விழுந்து பதுங்குகிறானே, அவனை என்னவென்று அழைக்கிறோம்? பைத்தியம் என்கிறோம், கோழை என்கிறோம், குடிகாரன் என்கிறோம்! குருதி கொட்டினால்தான் காயமா என்று கேட்கிறோம்.

உலகாண்ட வல்லரசுகளே இந்தக் கேள்விக்கு விடை தர நெடுங்காலம் பிடித்தது. 1914ல் மூண்ட முதல் உலகப் போரிலே, பதுங்கு குழிகளில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர் பேச்சிழந்தனர், பார்வை இழந்தனர், ஓயாது நடுங்கினர். உடலிலோ காயமில்லை! 1915ல் சார்லஸ் மையர்ஸ் எனும் மருத்துவர் இதனை 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்று மருத்துவ ஏட்டிலே எழுதினார். மருத்துவர் நோய் என்றார். இராணுவ மன்றமோ குற்றம் என்றது!

ஹாரி ஃபார் எனும் சிப்பாய் அந்த அதிர்ச்சியால் 1915ல் மாதக்கணக்கில் மருத்துவமனையிலே கிடந்தவன். மீண்டும் களத்துக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டு, இனித் தாங்க இயலாது என்றான். விசாரணை நடந்தது, அவனுக்காக வாதாட ஒருவருமில்லை. கோழை எனத் தீர்ப்பு! 1916 அக்டோபரிலே, பகைவன் சுடாத அவனைச் சொந்தப் பட்டாளமே சுட்டுக் கொன்றது. வயது 25. அவனையும் சேர்த்து, களம் விட்டு ஓடினான், கோழையானான் என்பன போன்ற குற்றம் சாட்டிச் சுடப்பட்ட 306 பேருக்கு 2006ல்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மன்னிப்பு வழங்கிற்று. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, செத்தவனுக்கு மன்னிப்பாம்! மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார்?

1943ல் சிசிலியிலே, மருத்துவமனையிலிருந்த இரு சிப்பாய்களை, கோழைகள் என ஏசி அறைந்தார் அமெரிக்கத் தளபதி பேட்டன். பெருந்தளபதி ஐசனோவர் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார். ஆயினும் அறையும் மனப்பான்மை அன்றோடு ஒழியவில்லை.

அதை எதிர்த்து நின்றவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். 1970ல் நியூயார்க் நகரிலே அவர்கள் வட்டமாக அமர்ந்தனர். ஒருவர் துயரை மற்றவர் கேட்டனர். லிஃப்டன், ஷாட்டன் எனும் மருத்துவர்கள் துணை நின்றனர். திரண்டனர், வாதாடினர், வென்றனர்! 1979ல் அவர்களுக்கென ஆலோசனை நிலையங்கள் எழுந்தன. 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலிலே 'பி.டி.எஸ்.டி.' என்று பெயரிட்டு இதனைச் சேர்த்தது. ஒன்றுபட்டோர் குரலுக்கு ஏடும் வளைந்து கொடுத்தது என்பதைத் தொழிலாளத் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கி ஏந்தியவனுக்கு மட்டும் வருவதல்ல இந்நோய். குண்டு விழுந்த ஊரிலே குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு வரும். மானபங்கப்படுத்தப்பட்ட பெண்ணுக்கு வரும். பட்டாசு ஆலை வெடியிலே உயிர் தப்பியவனுக்கு வரும். தண்டவாளத்திலே ஒருவன் பாய்ந்து மடிவதைக் கண்டும் வண்டியை நிறுத்த முடியாமற்போன ரயில் ஓட்டுநருக்கும் வரும். நடந்து முடிந்தது மீண்டும் மீண்டும் கண்முன் நடக்கும், உறக்கம் ஓடும், உற்றார் அந்நியராவர், சினம் சீறும். வாரக்கணக்கிலே தானாக ஆறிவிடுவோர் பலர். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், அது மருத்துவம் தேடவேண்டிய நோய்! அதற்கு மருந்துண்டு, பயின்றவர் முன்னே அந்த நினைவுகளைச் சிறுகச் சிறுக எதிர்கொண்டு வெல்லும் சிகிச்சையும் உண்டு. மந்திரிப்பதும் விலங்கிடுவதும் மருத்துவமல்ல!

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோய்க்குச் சிகிச்சை பெறுவதை உரிமை என்கிறது. காப்பீட்டிலே உடல்நோயும் மனநோயும் சமம் என்கிறது. உரிமை ஏட்டிலே இருந்தால் போதாது. விபத்து நடந்த ஆலையிலே, இழப்பீட்டோடு மனநல மருத்துவமும் தரப்பட வேண்டும் எனச் சங்கங்கள் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவனின் வேலை பறிபோகாமல் காக்க வேண்டும்.

தோழர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. "மறந்துவிடு" என்று அறிவுரை கூறாதீர். மறக்க முடியாததுதான் அவன் நோய். சொல்லும்படி வற்புறுத்தாதீர், சொன்னால் செவி கொடுங்கள். குடியிலே ஆறுதல் தேடுகிறான் என்றால் ஏசாதீர். அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். 14416 எனும் எண்ணிலே, இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி ஆலோசனை கிடைக்கிறது. சாகவேண்டும் என்று அவன் பேசினால் தனியே விடாதீர், அப்போதே உதவிக்கு அழையுங்கள். ஊர்வலத்திலே வாணவெடி முழங்குமுன், அந்தத் தெருவிலே முன்னாள் சிப்பாய் எவரேனும் உண்டா என்று கேட்டறியுங்கள். அவர் வீட்டு வாசலிலே வெடி வேண்டாம். வணக்கம் கூறிச் செல்லுங்கள்!